மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸும் ஊவாவிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளும்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து, வெட்டுப்புள்ளிகளும் வெளியானதும் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை என்று எங்கள் பக்கத்துப் பாடசாலை வாசல்களில் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் தெரிவான பிள்ளைகளின் படங்கள், அதிபரின் வாழ்த்து, பழைய மாணவர் சங்கத்தின் பெயர். பள்ளிவாசலிலும் பாராட்டு விழா நடக்கும். எல்லாம் சரிதான். ஆனால் பதாகை வெயிலில் வெளிறிப்போன பிறகுதான் அந்தப் பிள்ளையின் வீட்டில் உண்மையான கணக்குப் பார்க்கப்படுகிறது. போர்டிங்குக்கு முற்பணம் யார் கொடுப்பது? மெத்தை, வாளி, போர்வை, ஒரு நல்ல சப்பாத்து எங்கிருந்து வரும்? மடிக்கணினி வாங்கு என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

ஏறத்தாழ எண்பது வருடங்களுக்கு முன்னரே இந்தக் கணக்கை ஒரு சமூகத்தின் கணக்காக எடுத்துப் பார்த்த ஒருவர் நம் மத்தியில் வாழ்ந்தார். அவர் அறிஞர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். ஒவ்வொரு வருடமும் நவம்பரில் அவருடைய நினைவு தினம் வரும்போது முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி, ஸாஹிராக் கல்லூரி அதிபர், செனட்டர் என்று பதவிகளை வரிசைப்படுத்துகிறோம். பதவிகளுக்கிடையில் அவர் செய்த ஒரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. இக்கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அவர் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் அங்கே பெயர்பெற்ற வழக்கறிஞர். எனவே அஸீஸ் பசியோடு படித்தவர் அல்லர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதியபின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்றார். இந்துப் பாடசாலைகளில் வளர்ந்த அந்த முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியத்தின் மீது ஏற்பட்ட பற்று கடைசி வரை குறையவில்லை. அங்கிருந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்று, புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜுக்கும் போனார். அங்கு நெடுநாள் தங்கவில்லை. சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வர 1935இல் நாடு திரும்பினார். இலங்கை முஸ்லிம்களில் அச்சேவைக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லித்தான் விளக்க வேண்டும். அது வெள்ளைக்காரனின் நிர்வாகத்தின் உச்சி. அதற்குள் போனவருக்குப் பங்களா, சம்பளம், மரியாதை, ஓய்வூதியம் அனைத்தும் உறுதி. அஸீஸ் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய பாதையைத் திருப்பியது கல்முனை. 1942இல் யுத்தம் இலங்கையின் வாசலுக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. உணவு உற்பத்தியைப் பெருக்கக் கல்முனையில் திறக்கப்பட்ட அவசர காலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். காடு வெட்டி வயல் ஆக்குவதும் ஏழை விவசாயிக்குக் காணி கொடுப்பதுமே அவருக்கு இடப்பட்ட பணி. அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு அப்பகுதி வயற்கண்டம் ஒன்று அவருடைய பெயரால் அழைக்கப்பட்டதே சாட்சி.

வயலைப் பார்க்கப் போனவர் வீடுகளையும் பார்த்தார். நெல் விளைந்த ஊரில் படிப்பு விளையவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பட்டினத்துக்கு அனுப்பிப் படிப்பிக்கும் சக்தி பெற்றோரிடம் இல்லை. அதே 1942இல் அவர் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தருடனான நட்பும் அக்காலத்தில் வலுப்பெற்றது. வசதியற்ற பிள்ளைகளுக்கு மாணவர் இல்லம் அமைத்து உணவும் இடமும் கொடுத்துப் படிப்பித்த இராமகிருஷ்ண மிஷன் பணியில் ஊறியவர் சுவாமி. அப்படியொருவரோடு பழகிய அஸீஸுக்கு, படிப்பு என்பது வகுப்பறையோடு முடிவதில்லை என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் 1945 வந்தது. இலவசக் கல்வியின் வருடமாகத்தான் அதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் குழு 1943இல் முன்வைத்த அறிக்கை நீண்ட போராட்டத்துக்குப் பின் அவ்வருடம் ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

இலவசக் கல்வி வந்த அதே 1945இல்தான் அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். இது நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். கட்டணமே இல்லாமல் போகும் நேரத்தில் எதற்காக ஒரு நிதி? கட்டணம் வேறு, செலவு வேறு என்பதை அவர் பார்த்ததுதான் காரணம். அரசாங்கம் கதவைத் திறந்து விடலாம். கதவு வரைக்கும் போக பஸ் காசு வேண்டும். உள்ளே போனால் சாப்பாடும் தங்குமிடமும் புத்தகமும் வேண்டும். உழைக்கும் வயதுப் பிள்ளை மூன்று நான்கு வருடங்கள் படித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வர வேண்டிய வருமானமும் இல்லாமல் போகும். பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தகுதியுள்ள ஒரு முஸ்லிம் பிள்ளையேனும் உயர்கல்வியை இழக்கக் கூடாது என்பதே அந்த நிதியின் நோக்கம்.

தனவந்தர்கள் அன்றும் இருந்தார்கள். கேட்டு வந்தவருக்குக் கொடுத்தும் இருந்தார்கள். ஆனால் ஹாஜியாரின் கடை வாசலில் நின்று கேட்பதற்கும் ஒரு நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதில் பிள்ளை கைநீட்டுகிறது. இரண்டாவதில் அது தன் தகுதியைக் காட்டுகிறது. தனி ஆள் கொடுப்பது அவரோடு முடிந்துவிடும். நிறுவனம் கொடுப்பது அடுத்த தலைமுறைக்கும் தொடரும். ஆரம்பித்தவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அந்த நிதி நிலைத்திருப்பது இதற்குப் போதுமான சான்று.

1948இல் அவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். சிவில் சேவையை விட்டு விலகி, ரீ.பி. ஜாயாவுக்குப் பின் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். கச்சேரி நாற்காலியிலிருந்து பாடசாலை நாற்காலிக்கு ஒருவர் விரும்பி வருவதை அன்று பலரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. 1961 வரை அவர் அங்கே இருந்தார். அந்தப் பதின்மூன்று வருடங்களை ஸாஹிராவின் பொற்காலம் என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். தூர ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து படித்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமல்ல. பின்னாளில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தவர், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். யாழ்ப்பாணத்து இந்துப் பாடசாலைகளிடம் தான் பெற்றதை அஸீஸ் இப்படித் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கி, ஊர் ஊராக இளைஞர்களைச் சமூக சேவைக்குள் கொண்டுவந்தார். 1952இல் செனட் சபைக்கு நியமனமானார். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, அதை ஏற்க முடியாமல் தான் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகி, சுயேச்சையாகச் சபையில் தொடர்ந்தார். 1963இல் அரசாங்க சேவை ஆணைக்குழு உறுப்பினரானபோது செனட் பதவியையும் விட்டார். அதே வருடம் அவருடைய இலங்கையில் இஸ்லாம் நூல் வெளிவந்தது. 1973 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. பிறந்த மண் அவரை மறக்கவில்லை.

இனி எங்கள் மலைப்பக்கத்துக்கு வருவோம். அஸீஸ் ஸாஹிராவின் பொறுப்பை ஏற்ற அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாயினர். இலவசக் கல்வியும் தோட்டத்து லயங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதாவது ஏனையோருக்குக் கதவு திறந்து முப்பது வருடங்களுக்குப் பிறகு.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. பதுளை மாவட்டம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்றாகக் கருதப்படுவதால் பல்கலைக்கழக அனுமதியில் மேலதிக ஒதுக்கீடு கிடைக்கிறது. 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே அமைந்தது. 1981இல் லலித் அத்துலத்முதலி ஆரம்பித்த மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அதைப் பெறாத குறைந்த வருமான மாணவர்களுக்கு உதவிப்பணம் என்னும் பர்சரி இருக்கிறது. விடுதி இருக்கிறது. ஆகவே எதுவுமே இல்லை என்று புலம்புவது நியாயமல்ல.

ஆனால் ஓர் ஆசிரியராக நான் காண்பது வேறொன்று. பிள்ளைகள் இடறுவது இந்த உதவிகளுக்கிடையே உள்ள இடைவெளியில்தான். பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளும் மஹாபொலவின் முதல் தவணை வங்கிக்கு வரும் நாளும் ஒன்றல்ல. நடுவே மாதங்கள் கிடக்கின்றன. விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் ஒரு நாள் என்று அலைந்தால் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இரண்டு நாள் பெயர் விழாது. லுணுகலைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ ஒலுவிலுக்கோ போகும் பிள்ளை ஒரு லீவுக்கு வீட்டுக்கு வந்து போவதே பெரிய செலவு. எந்த ஃபாரத்தை எங்கே கொடுப்பது, மாணவர் நலன்புரிப் பிரிவில் யாரைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் படித்தவர் எவரும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. முதலில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைப்பார்கள். பிறகு விரிவுரைகளைக் குறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பி வந்து, கொழும்பில் ஏதோ கடையில் நின்றுகொள்வார்கள். பதாகையில் படம் வந்த பிள்ளை அது.

இந்த இடைவெளியை மூட அரசாங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்துப் பள்ளிவாசல்களும் பழைய மாணவர் சங்கங்களும் வர்த்தகர்களும் சேர்ந்தால் இது பெரிய தொகையே அல்ல. வெட்டுப்புள்ளி வெளியான அந்த வாரத்திலேயே தெரிவானவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதச் செலவைத் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளையைப் புதிதாகப் போகும் பிள்ளைக்குத் துணையாக விட வேண்டும். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆசிரியர் போதும். அந்த வேலைக்கு என்னைப் போன்றவர்கள் தயார்.

இரண்டு விடயங்களை மட்டும் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். முதலாவது, காசோலையைக் கொடுக்கும்போது படம் பிடித்து முகநூலில் போடுவதை விட்டுவிடுவோம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மானம் பெரிது. அந்தப் படத்துக்குப் பயந்தே உதவி வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த ஒழுக்கம்தானே.

இரண்டாவது, பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் இருக்க வேண்டாம். ஸகாத் நிதிக்குரிய வரையறைகளை உலமாக்கள் சொல்வார்கள். ஸதகாவுக்கும் பொதுநிதிக்கும் அந்தத் தடை இல்லை. ஊவாவின் சிறு நகரங்களில் நம் முன்னோரின் கடைகள் யாரால் நிமிர்ந்தன? தோட்டத்துச் சம்பள நாளில் கீழே இறங்கி வந்த அந்த மக்களால்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் இன்று ஒரே தமிழ்மொழிப் பாடத்திட்டத்தில், ஒரே விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையோடு படிக்கிறார்கள். வண்ணார்பண்ணையில் இந்து ஆசிரியர்களிடம் படித்து, ஸாஹிராவின் கதவைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்த ஒருவரை நாம் உண்மையாகவே மதிப்பதென்றால் இதுதான் வழி.

அஸீஸ் பதுளைக்கு ஒரு மண்டபத்தையோ கட்டடத்தையோ விட்டுச் செல்லவில்லை. அவர் விட்டுச் சென்றது ஒரு வழிமுறை. வருகிற நவம்பரில் நினைவுக் கூட்டம் வைப்பவர்கள் வைக்கட்டும். அதோடு ஒரு கொப்பியைத் திறந்து, இவ்வருடம் எங்கள் மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் வசதி குறைந்த பிள்ளைகளின் பெயர்களை முதல் பக்கத்தில் எழுதத் தொடங்குவோம். அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக.