கலங்காத நம்பிக்கை

நாளை நிகழவிருப்பதை முன்கூட்டியே அறிந்தவர் உலகில் எவருமிலர். வகுத்த திட்டங்கள் சிதையும்போது சிலர் சோர்ந்து அமர்வர். சிலரோ, தம் அறிவுக்கு எட்டாத இறைஞானம் தம்மை வழிநடத்துகிறது என்னும் துணிவோடு அடுத்த அடியை எடுத்து வைப்பர். இரண்டாம் வகையினருள் வைத்து எண்ணத்தக்கவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

இவர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தாம் விட்டுச்செல்லும் பெருஞ்செல்வம் விவிலியமே என்று தாய் இறக்கும் தறுவாயில் தம் மக்களிடம் கூறியதாகச் சொல்வர். ஹாலே நகரில் பயின்றபோது நோய் இவரை வாட்டியது, கல்வி தடைப்பட்டது. எனினும், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் இந்தியாவிற்கு இறைப்பணியாளரை அனுப்ப விரும்பியபோது அவ்வழைப்பை ஏற்றார். நண்பர் புளுட்சௌவுடன் ஏழு திங்களுக்கும் மேலாகக் கடலில் பயணம் செய்து, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்.

அங்கு அவரை வரவேற்பார் இல்லை. சமயப்பணி வணிகத்திற்கு ஊறு விளைவிக்கும் என அஞ்சிய டேனியக் கம்பெனி அதிகாரிகள் அவரைப் பகைத்தனர். சீகன்பால்கோ திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த திங்களே, ஒரு விதவையின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதைக் காரணமாக்கி, ஆளுநர் அவரை டேன்ஸ்பர்க் கோட்டையில் சிறை வைத்தார். நான்கு திங்கள் கழித்து விடுதலை பெற்றவர், பகைமை பாராட்டாது விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். 1711ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு நிறைவுற்றது.

அதனை அச்சேற்றுவதிலும் இடையூறுகள் சூழ்ந்தன. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பொறி மீட்கப்பட்டது, ஆனால், அதை இயக்க உடன்வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். பொறி கரைசேர்ந்தபோது அதனை இயக்குவார் இலர். இந்நிலையில், டேனியப் படைவீரருள் ஒருவர் அச்சுத்தொழில் அறிந்தவர் எனத் தெரியவந்தது. பின்னர் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியவையாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிற்றெழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சாகி வெளிவந்தது. எதிர்பாராத ஒவ்வொரு தடையையும் எதிர்பாராத ஓர் உதவி தொடர்ந்து வந்ததை அவர் இறையருளாகவே கருதினார்.

எனினும், நம்பிக்கை அவருக்குத் துன்பமற்ற வாழ்வைத் தரவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஐரோப்பாவில் இருந்தோர் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. இறுதி ஆண்டுகளில், தம்மை அனுப்பிய அமைப்பினரே அவருடைய பணிமுறையைக் கடிந்து எழுதிய மடல்கள் அவரைப் பெரிதும் வருத்தின. 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்து நூல் வரையிலேயே நின்றிருந்தது. பின்வந்த பெஞ்சமின் சூல்ட்சே அதனை நிறைவு செய்தார். தாம் தொடங்கிய பணியின் முடிவைச் சீகன்பால்கு காணவில்லை. விளைவு தம் கையில் இல்லை என்பதை உணர்ந்தும், அன்றன்று செய்யவேண்டிய பணியை அவர் கைவிடவில்லை. இறைஞானத்தின்மீது அவர் கொண்ட நம்பிக்கைக்கு அந்த உழைப்பே சான்றாய் நிற்கிறது.