சாமுவேல் பிஸ்க் கிறீன்: துறைதோறும் தமிழாக்கம்

தென்காசியை அடுத்த பாவூர்சத்திரத்துச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் உழவர் ஒருவர் அங்குள்ள மருந்துக்கடையில் மருந்து வாங்கினால், அதனுடன் மடித்து வைக்கப்பெற்ற குறிப்புத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கக் காண்பார். உடலையும் நோயையும் மருந்தையும் பற்றிய அறிவு மக்கள் மொழியில் இருத்தல் வேண்டுமெனக் கருதி அதன்பொருட்டுத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். அவரே அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து ஊஸ்டரில் 1822இல் பிறந்த அவர், நியூயார்க்கில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் பணியாற்றியபின் மானிப்பாயில் நிலைகொண்டார். 1848இல் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆங்கிலம் கற்ற மாணவரோ அரசுப் பணியையே நாடினர்; சிற்றூர் மக்களிடையே தங்கினாரில்லை. இதனை உணர்ந்த கிறீன், தாயகம் சென்று 1862இல் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழ் அவருக்கு இங்கு உணர்ச்சிப் பொருளன்று. ஊருக்கு மருத்துவர் கிடைப்பதற்குரிய வழி.

வழி இருந்தது, பாடநூல் இல்லை. 1857இலேயே கட்டரின் உடற்கூற்று நூலும் மோன்செலின் பிரசவ மருத்துவ நூலும் தமிழில் வெளிவந்திருந்தன. அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம் 1867இலும், கிரேயின் உடற்கூற்றுநூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் 1872இலும், வேதியியலுக்குக் கெமிஸ்தம் 1875இலும் தொடர்ந்தன. மாணவர் சிலர் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். துறைவாரியான கலைச்சொற்பட்டியல்களும் அச்சாயின. நூல்களுட் சில கடல் கடந்து நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் உருப்பெற்றமை தென்தமிழ்நாட்டு ஆய்வாளர் கருதத்தக்கது.

அவர் சொல் தேர்ந்த முறை தனியே நோக்கத்தக்கது. தமிழில் வழங்கும் சொல்லை முதலிலும், அஃது இல்லாவிடத்து வடசொல்லையும், இரண்டும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்தும் ஆண்டார். கெமிஸ்தம் என்பது மூன்றாம் வகை. கொள்கையில் தமிழுக்கு முதலிடம் தந்தாரேனும், நூற்பெயர்களில் வடசொல்லே மிகுந்துள்ளது. உடலியங்கியலைச் சுகரணம் என்றால் இன்றைய மாணவர் திகைப்பர். ஆயினும் அன்றைய யாழ்ப்பாணத்துக் கற்றோர் வழக்கைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். பிற்காலக் கலைச்சொல்லாக்கத்தின் அளவுகோல் இங்குப் பொருந்தாது.

உடல்நலம் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் பணி ஓயவில்லை. ஊஸ்டரில் இருந்தவாறே தமிழ்க் கையெழுத்துப்படிகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார்; டால்டனின் உடலியங்கியல் மனுஷ சுகரணம் என்று 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்ததைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் வேண்டியிருந்தார். அவருக்குப்பின் மருத்துவப் பட்டக் கல்வி இலங்கையிலும் தமிழகத்திலும் ஆங்கிலத்திலேயே நிலைத்துவிட்டது.