ஆனந்த குமாரசுவாமி: கனிமப் படிகங்களை இனங்கண்ட கலை அறிஞர்

நடராஜர் திருவுருவத்தின் உட்பொருளை மேலைநாட்டினருக்கு எடுத்துரைத்த கலை வரலாற்றாசிரியராகவே ஆனந்த குமாரசுவாமி இன்று அறியப்படுகிறார். ஆனால், அவர் கற்றதும் முதலில் பணியாற்றியதும் நிலவியல் துறையில்தான். இலங்கையின் மலைச்சரிவுகளிலும் ஓடைப் படுகைகளிலும் கிடைத்த கனிமப் படிகங்களைச் சேகரித்து, இனங்கண்டு, பதிவு செய்வது அவரது பணியாக இருந்தது. அப்போது அவர் வேறொரு பெயரில் அடையாளப்படுத்திய ஒரு கருநிறப் படிகம், பின்னர் அறிவியலுக்கே புதிய கனிமம் எனத் தெரியவந்தது.

குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்த தமிழர்; அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். ஆனந்தனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1879-இல் தந்தை காலமானார். அதனால் அவர் இங்கிலாந்தில் தாயின் பராமரிப்பில் வளர்ந்தார்.

குளோஸ்டர்ஷயரில் உள்ள விக்ளிஃப் கல்லூரிப் பள்ளியில் பயின்றபோதே, அருகிலிருந்த டோவரோ குன்றின் நிலவியல் குறித்துப் பள்ளி இதழில் கட்டுரை எழுதினார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார். இலங்கையின் பாறைகள், கிராஃபைட் குறித்த அவரது ஆய்வுக் கட்டுரையும் அதே ஆண்டில் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் வெளியானது.

பின்னர் தாயகம் வந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் ஆய்வுப் பணியின் இயக்குநராக விளங்கினார். அதற்குச் சற்று முன்னர், 1902-இல், கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகேயுள்ள கங்காபிட்டியவில் நீலநிறக் கனிமம் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி.டி. பிரையருடன் இணைந்து அதனை ஆராய்ந்து, புதிய கனிமம் என 1903-இல் அறிவித்தார். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் என்பதையொட்டி அதற்கு செரண்டிபைட் எனப் பெயரிடப்பட்டது.

களத்தில் கிடைக்கும் கனிமத்தை நிறம், கடினத்தன்மை, எடை, படிக வடிவம் ஆகியவற்றைக் கொண்டு முதலில் இனங்காண்பது வழக்கம். ஆயினும் இரு கனிமங்கள் இவை அனைத்திலும் ஒத்திருக்கக் கூடும். அந்நிலையில் வேதியியல் பகுப்பாய்வே உண்மையை உறுதிசெய்யும்.

சபரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த படிகங்களின் கதையும் அதுவே. இரத்தினக் கற்கள் கிடைக்கும் சரளையில் கருநிறமும் மிகுந்த எடையும் கொண்ட சிறு கனசதுரப் படிகங்கள் காணப்பட்டன. அவற்றை யுரேனியம் மிகுந்த யுரேனினைட் எனக் குமாரசுவாமி கருதினார். இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே என்பதால் அது இயல்பாக நேரக்கூடிய பிழை.

லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர் விண்டம் டன்ஸ்டன் அப்படிகங்களைப் பகுப்பாய்வு செய்தபோது, அவற்றில் பெரும்பங்கு தோரியம் ஆக்சைடு என்பது தெரிந்தது. 1904-இல் அதற்குத் தோரியனைட் என்னும் பெயர் அமைந்தது. எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது என்பதால், இக்கண்டுபிடிப்புக்கு வணிக மதிப்பும் இருந்தது.

மறு ஆண்டே அதன் அறிவியல் பயனும் வெளிப்பட்டது. குமாரசுவாமி பயின்ற அதே யுனிவர்சிட்டி கல்லூரியில், வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் பணியாற்றிய இளைஞர் ஓட்டோ ஹான், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய்ந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அணுக்கருப் பிளவுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் இந்த ஹான்.

கனிமம் தேடி ஊர் ஊராகச் சென்ற பயணங்களில், நலிந்துவரும் கைவினைத் தொழில்களையும் குமாரசுவாமி கண்டார். மனைவி எதெல் உடனிருந்து அவற்றைப் புகைப்படம் எடுத்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908-இல் வெளியாக அப்பயணங்களே அடித்தளமாயின. இதனிடையே 1906-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

அதன்பின் அவரது கவனம் இந்தியக் கலையின் பக்கம் திரும்பியது. 1910-11 அலகாபாத் கண்காட்சியின் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்று, வட இந்தியாவெங்கும் ஓவியங்களைச் சேகரித்தார். முகலாய ஓவியங்களிலிருந்து ராஜபுத்திர ஓவியங்களைப் பிரித்து, அவற்றை ராஜஸ்தானி, பஹாரி என வகைப்படுத்தி 1916-இல் நூலாக வெளியிட்டார். இங்கும் எல்லா அடையாளங்களும் நிலைக்கவில்லை. அவர் ஜம்மு பாணி எனக் குறித்த ஓவியங்கள் பலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் பசோலி பாணி எனத் திருத்தினர். பொருளும் அது குறித்த பதிவும் கைவசம் இருந்தமையாலேயே, படிகத்தைப் போல ஓவியத்திலும் இத்தகைய திருத்தம் இயன்றது.

தமது சேகரிப்பைக் கொண்டு இந்தியாவில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். அது நிறைவேறவில்லை. 1917-இல் அச்சேகரிப்பின் பெரும்பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகப் பொறுப்பேற்ற குமாரசுவாமி, 1923 முதல் அதன் இந்தியத் தொகுப்புகளுக்கு விரிவான அட்டவணை நூல்களை வெளியிட்டார்.

ஓய்வுக்குப் பின் இந்தியாவுக்கு வந்து வாழ எண்ணியிருந்த அவர், நாடு விடுதலை பெற்று ஒரு மாதம் முடிவதற்குள், 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதம் நகரில் தமது 70-ஆவது வயதில் காலமானார்.