இரண்டே இடத்தில் தீர்வை வாங்கிய சுல்தான் ஷெர்ஷா

வரி என்ற சொல்லைக் கேட்டாலே வியாபாரிக்கு முகம் சுளிக்கும். ஆனால் வரியை ஒழுங்குபடுத்தியதன் மூலமே வர்த்தகத்தைத் தழைக்கச் செய்த ஓர் அரசர் சரித்திரத்தில் உண்டு. அவர்தாம் டில்லியை ஆண்ட சுல்தான் ஷெர்ஷா சூரி. 1540 முதல் 1545 வரை, ஐந்தே வருஷந்தான் அவர் ஆண்டார். வர்த்தக சமூகத்தாராகிய நாம் அறிய வேண்டிய வரலாறு என்று கருதி அதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

இவருடைய இயற்பெயர் ஃபரீத். ஆப்கானியரில் சூர் குலத்தவர். தகப்பனார் ஹசன்கான், பீகாரிலுள்ள ஸஸராமில் ஜாகீர்தாராக இருந்தவர். சிற்றன்னை காரணமாக வீட்டில் மனஸ்தாபம் உண்டாகவே, ஃபரீத் ஜவுன்பூருக்குச் சென்று அரபியும் பார்ஸியும் பயின்றார். ஷெய்கு ஸஅதியின் குலிஸ்தான், போஸ்தான் முதலிய கிதாபுகளை அங்கேதான் ஓதினார். பின்னர் தகப்பனார் அழைத்துத் தம் பர்கனாக்களின் நிர்வாகத்தை ஒப்படைத்தார்.

அந்தச் சிறு பதவியே அவருக்குப் பெரிய பாடசாலையாயிற்று. குடியானவனை வாட்டியது வரி மட்டுமல்ல. வரி தண்டுகிறவன் தன் இஷ்டம்போல் கேட்பதும் அவனை வாட்டியது. இதைக் கண்ட ஃபரீத், நிலத்தை அளந்து கட்டுவதா, விளைச்சலில் பங்கு கொடுப்பதா என்பதைக் குடிகளே தெரிந்தெடுக்க விட்டார். தண்டுகிறவர்களின் கூலியையும் வரையறுத்தார்.

பிறகு ஒரு புலியைக் கொன்றதற்காக ஷேர்கான் என்ற பட்டம் பெற்றார். 1539ல் சௌஸாவிலும் 1540ல் கன்னோஜிலும் ஹுமாயூன் பாதுஷாவை முறியடித்து டில்லி அரியணை ஏறினார்.

அரசரானதும் நிலங்களை அளக்கச் செய்து, நல்லது, நடுத்தரம், மட்டம் என மூன்று தரத்தின் விளைச்சலையும் கூட்டிச் சராசரி கண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்கென நிர்ணயித்தார். குடியானவனுக்குப் பட்டா கொடுத்து, அவனிடம் கபூலியத்து என்னும் ஒப்புதல் பத்திரம் வாங்கினார். மதிப்பிடும்போது தயவு, வசூலிக்கும்போது கண்டிப்பு என்பது அவர் கொள்கை. படை நடமாட்டத்தால் பயிர் அழிந்தால் நஷ்டஈடும் கொடுத்தார். சராசரி முறையினால் மட்டமான நிலமுடையவனுக்குப் பளு அதிகமாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கு மிகவும் வேண்டியது அவருடைய சுங்க ஏற்பாடு. அதற்கு முன் சரக்கு ஏற்றிச் சென்றவன் ஆற்றுத் துறையிலும், ஊர் வாசலிலும், ஜமீன்தாரின் எல்லையிலும் ஆயம் கட்ட வேண்டியிருந்தது. உதாரணத்துக்கு, ரூபாய்க்கு அரையணா வீதம் பத்து இடத்தில் கட்டினால் ஐந்தணா போய்விடும். முதலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! காத்துக் கிடக்கும் நாட்கள் வேறு. வழியில் எவ்வளவு போகும் என்று தெரியாதவன் சரக்குக்கு என்ன விலை வைப்பான்? ஷெர்ஷா இவற்றை எல்லாம் நீக்கி, ராஜ்யத்தின் எல்லையில் ஒரு தடவையும், விற்கும் இடத்தில் ஒரு தடவையும் மாத்திரமே தீர்வை என்று ஆக்கினார். அதிகாரிகள் கடைவீதி விலைக்குத்தான் சாமான் வாங்க வேண்டும். வியாபாரி வழியில் இறந்துபோனால் அவன் சரக்கில் எவரும் கை வைக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார்.

சுமார் 178 குன்றிமணி அல்ல, 178 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாயை அச்சிட்டவரும் அவரே. வங்காளத்துச் சோனார்காவ் முதல் சிந்து நதி வரை பெருஞ்சாலையைச் செப்பனிட்டு, இரண்டு குரோசத்துக்கு ஒரு சத்திரம் கட்டினார். 1,700 சத்திரங்கள் என்று அப்பாஸ்கான் ஸர்வானி எழுதி வைத்திருக்கிறார். முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனியே தங்குமிடமும் தண்ணீரும் அங்கே உண்டு. வழிப்பறி நடந்தால் அந்தக் கிராமத்துத் தலைவனே பொறுப்பு.

ஸர்வானி, அக்பர் காலத்தில் எழுதிய ஆப்கானியர். ஆதலால் புகழ்ச்சி சற்று மிகுந்திருக்கலாம். ஆனாலும் ஏற்பாடுகளின் பலனுக்குப் பின்வந்தவர்களே சாட்சி. 1545ல் காலிஞ்சர் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து தீப்பற்றி ஷெர்ஷா வஃபாத்தானார். ஸஸராமில் ஏரி நடுவே அடக்கமானார். 1555ல் ஹுமாயூன் டில்லியை மீட்டுக் கொண்டார். வம்சம் போயிற்று, ரூபாய் போகவில்லை. அவரிடம் வேலை பார்த்த தோடர்மாலே பின்னர் அக்பரின் வரித்திட்டத்தை வகுத்தார்.

சகோதரர்களே! வரி குறைய வேண்டும் என்று மட்டும் நாம் கேட்கிறோம். எவ்வளவு, எங்கே, எப்போது, யாரிடம் என்பது முன்கூட்டியே தெரிவதும் அதே அளவு முக்கியமல்லவா? தெரிந்த வரியைக் கணக்கில் சேர்த்துத் தைரியமாக முதல் போடலாம். தெரியாத வரிக்கு அஞ்சியவன் முதலைப் பூட்டி வைப்பான், வர்த்தகமும் அங்கேயே நின்றுவிடும். நம் சங்கங்கள் அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கும்போது இதையே முதலில் கேட்கட்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்க வேண்டுமானால், நம் கடைக் கணக்கும் நேராக இருக்க வேண்டும்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.