வீட்டை விட்டுப் போன பிள்ளை
(அர்ச். பெலவேந்திரர் கிம் தேகன் சரித்திரம்)



உங்கள் வீட்டுப் பிள்ளை படிப்புக்காகத் தூர தேசம் போயிருக்கலாம்; அல்லது பெட்டியைக் கட்டிவைத்துப் புறப்படும் நாளை எண்ணிக்கொண்டிருக்கலாம். போன புதிதில் அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்காது, இரவில் தூக்கம் வராது. வீட்டிலிருக்கும் தாய்க்கும் அதே கதிதான். இது கோழைத்தனம் என்று வெட்கப்பட வேண்டாம். அர்ச்சியசிஷ்டர்களும் பிரிவின் பாரத்தைச் சுமந்தவர்களே. அவர்களில் ஒருவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள்.

கொரியா தேசத்துச் சோல்மோ என்னும் ஊரில் 1821-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி கிம் தேகன் பிறந்தார். தகப்பனார் பெயர் இஞ்ஞாசியார், தாயார் ஊர்சுலா. கொள்ளுப்பாட்டனார் வேதத்துக்காகச் சிறையிலே உயிர்விட்டவர். அக்காலத்தில் கொரியாவில் கிறிஸ்தவனாயிருப்பதே குற்றம். சுதேச குரு ஒருவர்கூட இல்லை. 1836-ல் மறைவாக அந்நாட்டில் நுழைந்த மோபான் சுவாமியார், குருத்துவப் படிப்புக்கென்று மூன்று சிறுவரைத் தெரிந்துகொண்டார். தேகன் அவர்களில் ஒருவர். வயது பதினைந்து.

அவ்வருடம் டிசம்பர் 3-ந் தேதி மூவரும் புறப்பட்டார்கள். ரயில் இல்லை, மோட்டார் இல்லை. கடுங்குளிரில் எல்லை தாண்டி, சீன தேசத்தை வடக்கிலிருந்து தெற்குவரை கடந்து, 1837 ஜூன் 7-ந் தேதி மக்காவோ வந்து சேர்ந்தார்கள். பிரயாணம் ஆறு மாதம்! அங்கே பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நம் புதுச்சேரியில் வெகுகாலம் உழைத்த அதே சபைதான்.

புது ஊர், புதுச் சாப்பாடு, புதுச் சீதோஷ்ணம். படிக்கவேண்டியதோ லத்தீன். தேகனுக்கு அடிக்கடி தலைவலியும் வயிற்றுவலியும் வந்தன. வந்து ஆறு மாதம் ஆகுமுன்பே மூவரில் ஒருவரான சே பாங்ஜே காய்ச்சலில் இறந்தார். தாய்மொழியில் பேச மிஞ்சியவர் ஒரே தோழர், சே யாங்கொப். பிறகு மக்காவோவில் கலகம் மூண்டபோது பிலிப்பைன் தீவுகளுக்கு ஓடிப்போய் அங்கே சிலகாலம் படித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் மனம் எப்படியிருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வீட்டுச் செய்தியாவது கிடைத்ததா? கொரிய அரசனுடைய தூதுவர் பீக்கிங் நகருக்குப் போகும்போது, அந்தக் கூட்டத்தில் மறைவாய்ச் செல்லும் கிறிஸ்தவர் மூலமாகத்தான் ஏதேனும் தெரியவரும். 1839-ல் கொடிய வேதகலாபனை எழும்பிற்று. மோபான் சுவாமியார் சிரச்சேதம் செய்யப்பட்டார். தேகனுடைய தகப்பனாரும் செப்டம்பர் 26-ந் தேதி அவ்வாறே கொல்லப்பட்டார். மகனை அந்நிய தேசத்துக்கு அனுப்பியதும் அவர்மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று. இந்தச் செய்தி மகனை எட்டியபோது 1842-ம் ஆண்டு முடியும் தருவாய். தகப்பன் இறந்து மூன்று வருஷம் கழிந்திருந்தது. தாயார் இருக்க வீடின்றி அலைவதாகவும் அறிந்தார். சே யாங்கொப்போ தாய் தகப்பன் இருவரையும் அக்கலாபனையில் இழந்திருந்தார்.

இருவரும் படிப்பை விட்டுவிடவில்லை. எந்த நாட்டை நினைத்து மனம் ஏங்கிற்றோ அந்த நாட்டுக்காகவே உழைத்தார்கள். தேகன் தம் மேலதிகாரிகளுக்கு லத்தீனில் கடிதங்கள் எழுதினார். போதகர்கள் நாட்டுக்குள் வர வழி தேடிப் பனியிலே எல்லைக்கு நடந்தார். கொரியாவின் படம் ஒன்றும் வரைந்தார்.

1845 ஜனவரியில் தியாக்கோன் பட்டம் பெற்றவராய் ரகசியமாகச் சியோல் நகர் சேர்ந்தார். தாயைப் பிரிந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் தாம் வந்திருப்பதைத் தாய்க்குச் சொல்லவேண்டாமென்று கிறிஸ்தவர்களைக் கேட்டுக்கொண்டார்! காரியம் வெளிப்பட்டால் பலருடைய உயிருக்கு ஆபத்து. தாய்மாரே, அந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு பாரமாயிருந்திருக்கும்!

பிறகு பதினொரு பேரோடு ஒரு சிறு படகில் ஏறி, புயலில் பாயும் பாய்மரமும் இழந்து ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆகஸ்டு 17-ந் தேதி பெரேயோல் மேற்றிராணியார் கையால் குருப்பட்டம் பெற்றார். கொரியரில் முதல் குரு அவரே. அக்டோபரில் மேற்றிராணியாரை அழைத்துக்கொண்டு நாடு திரும்பினார். அப்போதுதான் தாயைக் கண்டார். பிள்ளையாய்ப் போனவர் குருவானவராய் வந்து நின்றார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1846 ஜூனில் பிடிபட்டார். சிறையிலிருந்து மேற்றிராணியாருக்கு எழுதியபோது, பத்து வருஷம் பிரிந்திருந்து சில நாளே தம்மைக் கண்ட தாயாரைக் கவனித்துக்கொள்ளும்படி மன்றாடினார். செப்டம்பர் 16-ந் தேதி ஹான் நதிக்கரையில் தலை வெட்டப்பட்டு வேதசாட்சி முடி பெற்றார். வயது 25. தோழர் யாங்கொப் 1849-ல் குருவாகி, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைத் தேடித்தேடி நடந்து 1861-ல் இறந்தார். தேகனுக்கும் அவர் தகப்பனாருக்கும் 1984 மே 6-ந் தேதி ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது.

தூரத்தில் படிக்கும் பிள்ளையே! வீட்டை நினைத்து அழுவது பாவமல்ல. மரணத் தீர்ப்புக்குக் காத்திருந்தவரும் தாயை மறக்கவில்லை. ஆனால் அழுகையோடு நின்றுவிடாதே. நீ படிப்பது யாருக்காக என்பதை நினைத்துக்கொள். உன் பாஷை பேசும் ஒரு நல்ல தோழனைத் தேடிக்கொள். உடம்பு சரியில்லையென்றால் மறைக்காதே.

பெற்றோரே! உங்களுக்கு இன்று தொலைபேசி இருக்கிறது. ஊர்சுலா அம்மாளுக்கு அது இல்லை. பிள்ளையோடு பேசும்போது மதிப்பெண்ணை முதலில் கேளாமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரவு ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.