கச்சேரி மேடையில் வாழ்ந்த மதுரை மணி அய்யர்

கர்நாடக இசை உலகில் கணீர் என்ற சாரீரம் படைத்தவர்கள் பலர் உண்டு. மதுரை மணி அய்யருக்கு அப்படிப்பட்ட குரல் இல்லை. மெல்லிய குரல்தான். உடல்நலமும் நெடுங்காலம் அவரை வாட்டியது. கண் பார்வையும் மங்கியிருந்தது. ஆனாலும் அவர் கச்சேரி என்றால் கூட்டம் அலைமோதியது. மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அவருடைய கச்சேரிப் பதிவுகளை ரசிகர்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

குமாஸ்தாவின் மகன்

மணி அய்யர் 1912-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியன். தந்தை ராமசாமி அய்யர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்தவர். வருமானம் குறைவுதான் என்றாலும் இசையில் ஆழ்ந்த அறிவு உள்ளவர். அவருடைய தம்பி புஷ்பவனம், அந்தக் காலத்தில் பெரும் புகழ் பெற்ற பாடகர். இளம் வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். அண்ணன் மகன் அந்த இடத்தை நிரப்ப வந்தார்.

ஒன்பதாவது வயதில் மணி அய்யர் ராஜம் பாகவதரிடம் பாட்டுப் பயிலத் தொடங்கினார். பிறகு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயத்தில் சேர்ந்தார். இளம் வயதிலேயே மேடை ஏறினார். பின்னர் சென்னையில் குடியேறி, முன்னணிப் பாடகர்களில் ஒருவரானார்.

மூன்று நிமிடத்துக்குள் அடங்காதவர்

அந்த நாளில் பாடகர்களின் புகழைப் பரப்பியது கிராமபோன் தட்டு. அதில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். பல்லவி தொடங்குவதற்குள் தட்டு முடிந்துவிடும். மணி அய்யரின் பாட்டு இதற்கு ஒத்துவராது. ராகத்தை மெல்ல மெல்ல விரிப்பார். சுரம் பாட ஆரம்பித்தால் அலை அலையாக வந்துகொண்டே இருக்கும். கடினமான கணக்குப் போட்டுச் சபையை மிரட்ட மாட்டார். தாளம் அதன் போக்கில் ஓட, சுரம் அதன் மேல் மிதந்து செல்லும். இசை இலக்கணம் படிக்காதவரும் தலையை ஆட்டித் தாளம் போடுவார். பாடுபவரின் உற்சாகம் சபைக்குப் பரவும். சபையின் உற்சாகம் பாடுபவரிடம் திரும்பி வரும். ஆளில்லாத ஒலிப்பதிவு அறையில் இது நடக்குமா?

1950-களில் டேப் ரிக்கார்டர் நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்தது. வசதி படைத்த ரசிகர்கள் சிலர் அந்தப் பெட்டியைச் சபாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் தூக்கிச் சென்றார்கள். முழுக் கச்சேரியையும் நாடாவில் பிடித்தார்கள். லால்குடி ஜெயராமனின் வயலின், வேலூர் ராமபத்ரனின் மிருதங்கம் ஆகியவற்றோடு மணி அய்யர் பாடிய கச்சேரிகள் இப்படித்தான் நமக்குக் கிடைத்தன. அவற்றில் இருமல் கேட்கும், கைதட்டல் கேட்கும், குழந்தை அழுவதும் கேட்கும். ரசிகர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. தாங்களும் பந்தலில் உட்கார்ந்திருப்பது போல மகிழ்கிறார்கள்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். டீப் பர்ப்பிள் என்ற ராக் இசைக்குழு 1972-ல் ஜப்பானில் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டது. அறையில் பதிவான அதே பாட்டுகளை விட இந்த மேடைப் பதிவே உயர்ந்தது என்று வாதாடும் ரசிகர்கள் இன்றும் உண்டு.

வீதியில் நின்று கேட்டவர்கள்

மணி அய்யர் தமிழ்ப் பாட்டுகளை ஆசையோடு பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘எப்ப வருவாரோ’, பாபநாசம் சிவனின் ‘காணக் கண் கோடி வேண்டும்’ ஆகியவை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலில் அவர் பாடும்போது ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்று கேட்பார்கள் என்று பழைய ரசிகர்கள் சொல்வது வழக்கம். டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கும் அவர் பாட்டு எட்டியது.

கச்சேரியின் கடைசியில் ‘இங்கிலீஷ் நோட்டு’ பாடச் சொல்லிக் கேட்பார்கள். மேல்நாட்டு பேண்டு வாத்திய மெட்டை ஒட்டி முத்தையா பாகவதர் அமைத்தது அது. துள்ளித் துள்ளி ஓடும் சுரங்களை மணி அய்யர் சிரமமே இல்லாமல் பாடுவார். பெங்களூர் ஜோகுபாளையம், அல்சூர் வட்டாரத் தமிழர்களுக்கு இந்த மெட்டு புதிதாகத் தோன்றாது. 1809-ல் அமைந்த கண்டோன்மெண்டுடன் வந்து குடியேறிய தமிழர் பலர். பட்டாளத்தின் பேண்டு சத்தம் கேட்டு வளர்ந்த பகுதி இது.

விருதும் மறைவும்

1959-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு ‘சங்கீத கலாநிதி’ பட்டம் வழங்கியது. நோயின் நடுவிலும் அவர் மேடையைக் கைவிடவில்லை. 1968-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

அவருடைய சகோதரி மகன் டி. வி. சங்கரநாராயணன் மாமாவின் பாணியைக் காப்பாற்றி வந்தார். 2003-ல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். 2022-ல் மறைந்தார்.

பழைய நாடாக்கள் நைந்து போவதற்குள் ரசிகர்கள் அவற்றைக் கேசட்டில் படி எடுத்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பதிந்துகொண்டார்கள். கேசட் போய், இப்போது கைப்பேசியில் வந்துவிட்டது. எந்த ஊரில், எந்த ஆண்டு பாடிய ‘எப்ப வருவாரோ’ சிறந்தது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அன்று சபாவுக்கு வெளியே நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், வேலை முடிந்து பஸ்சில் வீடு திரும்பும்போது, காசு செலவில்லாமல் அந்தக் கச்சேரியை முன்வரிசையில் இருந்து கேட்கலாம்.