ஹட்சிங்ஸ் தந்த தமிழ் வகுப்பு

மலேசியத் தமிழ்க்கல்விக்கு வித்திட்டவர் யார் என்று என்னைக் கேட்டால், ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரைச் சொல்வேன். அவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ்.

இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகப் பினாங்கு வந்தார். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் அன்று மலாய்க்காரர், சீனர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் எனப் பலரும் கலந்து வாழ்ந்தனர். நம் வணிகர்களின் நினைவாகச் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. ஆனால் இவர்களின் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து படிக்க ஒரு பள்ளி இல்லை.

அக்குறையைப் போக்க ஹட்சிங்ஸ் முன்வந்தார். 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு இலவசப் பள்ளி பிறந்தது. இனமும் சமயமும் பாராமல் பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டது அப்பள்ளி. கிறிஸ்துவத்தை விரும்பாத பெற்றோரின் மனம் புண்படக்கூடாது என்பதும் அதன் விதி. பாதிரியார் தொடங்கிய பள்ளியில் இப்படியொரு விதி இருந்ததை எண்ணி நான் வியக்கிறேன்.

மலாய்மொழியை ஆழ்ந்து கற்று, மலாய் விவிலியத்தைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர் அவர். தாய்மொழியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தோடு அவரவர் மொழியையும் கற்பிக்கத் திட்டமிட்டார். அப்படித்தான் அங்கே தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016இல் கொண்டாடியது அதனால்தான்.

1827இல் காய்ச்சலுக்குப் பலியான ஹட்சிங்ஸ், பிரான்சிஸ் லைட் உறங்கும் அதே பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அவர் நட்ட பள்ளி வளர்ந்து புகழ்பெற்றது. தமிழ் வகுப்போ போதிய ஆதரவின்றி நீடிக்கவில்லை.

இந்த முடிவுதான் என்னை உறுத்துகிறது. பள்ளி நேரம் முடிந்தபின், பசியோடு தமிழ் வகுப்பில் அமர்ந்தவன் நான். நம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பதினான்கு பேரே இருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? சிறுபான்மையினரின் உரிமையை எண்ணிக்கை கொண்டு அளப்பது முழு நீதியாகாது. அதே வேளையில், பதினைந்து பேர் இருந்தும் கேட்காமல் விட்டால், குறை நம்முடையது.

அன்று நமக்காகக் கேட்க ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். இன்று பட்டம் பெற்ற நாம் இருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், தோழர்களே.